டயாலிசிஸ், சிறுநீரக மாற்று: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், அன்டாப் ஹில், செம்பூர் பகுதிகளிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மராத்தியிலும் ஆங்கிலத்திலும் மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லத் துணைக்கு நிற்கிறேன். நான் மருத்துவர் அல்ல. வாசலில் வந்து விழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போக இது உதவும்.

அப்பாவுக்குக் கிரியாட்டினின் 6 வந்திருக்கிறது. நாளைக்கே டயாலிசிஸ் தொடங்க வேண்டுமா?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற அளவு. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. அதோடு வயதையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 15-க்குக் கீழே போனால் அது சிறுநீரக நோயின் கடைசி நிலையான ஐந்தாம் நிலை. அப்போதும் மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், வடியாத வீக்கம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அறிகுறிகள் வருமுன்பே அவசரமாகத் தொடங்கியவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு காட்டியது.

கிடைக்கும் அந்த இடைவெளியைத்தான் நம் குடும்பங்கள் வீணாக்கிவிடுகின்றன. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரண்டு இரத்தக்குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) வைத்துக்கொள்வது, மஞ்சள்காமாலை 'பி' தடுப்பூசி, வீட்டில் யார் சிறுநீரகம் தர முடியும் என்ற பேச்சு எல்லாமே இந்த மாதங்களில் நடக்க வேண்டியவை.

எத்தனை தடவை டயாலிசிஸ் செய்தால் கிட்னி சரியாகும்?

எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி போன்றவற்றால் திடீரென்று செயலிழந்த சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டுவிடலாம். அப்போது டயாலிசிஸை நிறுத்திவிடுவார்கள். பல ஆண்டுச் சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் சுருங்கிப்போன சிறுநீரகம் மீளாது. அங்கே டயாலிசிஸ் குணப்படுத்தும் மருந்தல்ல. சிறுநீரகம் செய்யாமல் விட்ட வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் செய்கிறது. உங்கள் வீட்டு நோயாளி இந்த இரண்டில் எந்த வகை என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் தெருவிலேயே நான்கு பேர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். நாடு முழுக்க இப்படித்தானா?

ஆண்டுக்குச் சுமார் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது, அதனால் ஆண்டுதோறும் 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 2016-17 மத்திய பட்ஜெட் உரை சொன்னது. தேசிய டயாலிசிஸ் திட்டமும் அந்த உரையில்தான் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2018-ஆம் ஆண்டு நிலவரத்துக்கான ஒரு மதிப்பீட்டின்படி நாட்டில் தொடர் டயாலிசிஸில் இருந்தவர்கள் மொத்தமே சுமார் 1.75 லட்சம் பேர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த நோயாளிகளின் தொகை, ஒரே ஆண்டில் புதிதாக வருவோரின் தொகையைவிடக் குறைவாக இருக்கிறது. மீதிப் பேர் மையம் வரை வந்தே சேராதவர்கள். அல்லது தொடங்கிய சில மாதங்களில் பணமும் தூரமும் தாங்காமல் நின்றுபோனவர்கள். உங்கள் தெருவில் நான்கு பேர் இருப்பது, மும்பையில் நடந்து போகும் தூரத்தில் மையம் இருப்பதால்தான். இருநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்தில் அதே நால்வர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரக மாற்று இன்னும் குறுகிய வாசல். 2023-இல் நாடு முழுவதும் நடந்தவை 13,426. அவற்றில் 11,791 உயிருடன் இருப்பவர்கள் கொடுத்தவை. இறந்தவர்களிடமிருந்து கிடைத்தவை 1,635 மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வு, கீழே வரும் பல கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிறது.

வாரம் மூன்று தடவை என்கிறார்கள். இரண்டு போதாதா?

நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. நான்கு மணி நேரம் வீதம் மூன்று தடவை செய்தாலே 12 மணி நேரம்தான். இந்தியாவில் இரண்டு தடவை பரவலாக இருப்பதற்குப் பெரும்பாலும் பணமும் பயணமும்தான் காரணம். இன்னும் ஓரளவு சிறுநீர் கழிப்பவர்களுக்குச் சில காலம் இரண்டு போதலாம். அதையும் மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மும்பைக்கே உரிய ஓர் எச்சரிக்கை: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெருமழை அறிவிப்பு வந்தால் மையத்தை அழைத்து ஒரு நாள் முன்னதாக நேரம் கேளுங்கள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு எந்த ரயிலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒரு முறை தவறிவிட்டால், அடுத்த முறை வரை உப்பு, தண்ணீர், பழம் மூன்றையும் கடுமையாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்தில் போட்ட குழாய் நன்றாகத்தானே ஓடுகிறது. கையில் எதற்கு அறுவை?

கழுத்துக் குழாய் நேராக இதயத்தின் வாசலில் நிற்கிறது. அதன் வழியாகப் புகும் கிருமி நேரே இரத்தத்தில் கலக்கிறது. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அது பருத்து ஊசி ஏற்றத் தயாராக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதனால்தான் டயாலிசிஸுக்கு முன்பே செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ, அழுத்தம் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. நீங்களேதான் சொல்ல வேண்டும்.

இளநீர் குடிக்கலாமா?

கூடாது. பொட்டாசியம் மிகுதி, இதயத்தையே நிறுத்திவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை உப்பால் தாகத்தைக் கூட்டி, எடையை ஏற்றும்.

மும்பையில் செலவு எங்கே குறையும்?

முதலில் ரேஷன் கார்டைப் பாருங்கள். மகாராஷ்டிர கார்டு இருந்தால் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனா உங்களுக்கு உண்டு. முன்பு குறிப்பிட்ட நிறக் கார்டுகளுக்கு மட்டும் இருந்ததை எல்லாக் கார்டுகளுக்கும் விரிவாக்கி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று மாநில அரசு 2023-இல் முடிவெடுத்தது. டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 'ஆரோக்கிய மித்ரா' என்ற மேசை இருக்கும். பணம் கட்டும் முன் அங்கே போங்கள். கட்டிய பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. இந்த நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் பல, அறக்கட்டளைகளாகப் பதிவானவை. அப்படிப்பட்டவை பத்து சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகையிலும் ஒதுக்க வேண்டும் என்பது மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் வகுத்த திட்டம். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழோடு மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். வரவேற்பு மேசையில் "அப்படி எதுவும் இல்லை" என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள்.

இவை தவிர, ஒவ்வொரு வட்டாரத்திலும் அறக்கட்டளைகள் நடத்தும் டயாலிசிஸ் மையங்கள் உண்டு. சேரும் முன் அங்கே மஞ்சள்காமாலை 'பி' உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யலாமாமே. ஏன் யாரும் சொல்வதில்லை?

செய்யலாம். பையில் வரும் இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டுச் சில மணி நேரம் வைத்து வடிப்பது. பொதுவாக நாளுக்கு மூன்று, நான்கு முறை. பயணம் இல்லை, வேலையை விட வேண்டியதில்லை, உணவுக் கட்டுப்பாடும் சற்றுத் தளர்வு. ஹாங்காங்கில் பல பத்தாண்டுகளாக இதைத்தான் முதல் வழியாக வைத்திருக்கிறார்கள். தாய்லாந்தும் 2008-இல் அந்தக் கொள்கையை எடுத்தது. நம் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் 2019 முதல் இது சேர்க்கப்பட்டுள்ளது. இருந்தும் இந்தியாவில் இதில் இருப்பவர்கள் மிகச் சிலரே. பைகளின் விலை ஒரு காரணம். இயந்திர மையங்கள் பெருகியதும் அங்கே அனுப்புவதே வழக்கமாகிவிட்டது இன்னொரு காரணம்.

மூன்றாவது காரணம் நம் வீடுகள். ஒரு மாதத்துக்கு நூறு பை அளவுக்கு வரும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் தாராவி வீட்டில் அந்த அட்டைப்பெட்டிகளை எங்கே அடுக்குவது, கை கழுவிவிட்டுத் தூசி படாமல் உட்கார மூலை எது? சுத்தம் தவறினால் வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று வரும். இடம் இருக்கும் குடும்பம் என்றால் கட்டாயம் கேளுங்கள். குறிப்பாக, குழந்தைகளுக்கும் மையம் தொலைவில் உள்ளவர்களுக்கும் இது நல்ல வழி.

ஊரில் ஒரு வைத்தியர் மூலிகை கொடுத்து டயாலிசிஸை நிறுத்திக் காட்டுகிறாராம். போகலாமா?

மேலே சொன்ன திடீர்ச் செயலிழப்பு நோயாளிகள் எந்த மருந்தும் இல்லாமலே மீள்கிறார்கள். அவர்களைக் காட்டித்தான் இந்தப் பேச்சு பரவுகிறது. நாள்பட்ட நோயாளி நிறுத்தினால், சிறுநீர் முற்றிலும் நின்றவராக இருந்தால், ஓரிரு வாரங்களே தாங்குவார். பல மூலிகைச் சாறுகளில் பொட்டாசியம் அதிகம்; சில பஸ்பங்களில் பாதரசமும் ஈயமும் உண்டு. திருநெல்வேலிக்கு நம்பிக்கையோடு ரயிலேறி, திரும்பி வராதவர்களின் குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போக வேண்டும். பத்து நாள் இருக்க முடியுமா?

முடியும். போகும் ஊரில் உள்ள மையத்தில் முன்கூட்டியே நேரம் வாங்குங்கள். கடைசி மூன்று டயாலிசிஸ் குறிப்புகள், மஞ்சள்காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் கேட்பார்கள். டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகையை ரயில்வே தருகிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்பாவுக்கு 62. இந்த வயதில் மாற்று அறுவை தேவையா, டயாலிசிஸே போதாதா?

உடல் தாங்கும் என்றால், மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் டயாலிசிஸில் காத்திருப்பவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். 62 தடையே அல்ல. இதயமும் இரத்தக்குழாய்களும் எப்படி என்பதுதான் கேள்வி. புதிய சோதனை முயற்சி என்ற பயமும் வேண்டாம். இதே மும்பையில் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1965-இல் முதல் முயற்சி நடந்தது. 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் உயிருடன் இருந்த ஒருவர் தந்த சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது.

தாய்மாமன் தருகிறேன் என்கிறார். ஏற்றுக்கொள்வார்களா?

நம் குடும்பங்களில் தாய்மாமனைவிட நெருக்கம் யார்? ஆனால் சட்டத்தின் பட்டியலில் அவர் நெருங்கிய உறவினர் அல்ல. 1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், 2011 திருத்தத்தோடு, இவர்களை மட்டுமே அப்படிக் கணக்கிடுகிறது: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. மாமன், சித்தி, மருமகன், மைத்துனர், சித்தப்பா மகன் எல்லோரும் வெளியேதான்.

அதனால் அவர் தரவே முடியாது என்று பொருளில்லை. அன்பினால் தருகிறார், பணம் கைமாறவில்லை என்பதை அங்கீகாரக் குழு நேரில் விசாரித்து அனுமதிக்க வேண்டும். மாமன் தமிழ்நாட்டில், நோயாளி மகாராஷ்டிரத்தில் என்றால் அவருடைய மாநிலத்திலிருந்தும் சான்று கேட்பார்கள்; மாதங்கள் ஆகும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று இருப்பதை இன்றே திருத்தத் தொடங்குங்கள்.

இரத்தக் குரூப் சேரவில்லை. கதை முடிந்ததா?

இல்லை. உங்களைப் போலவே குரூப் சேராத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ள 2011 திருத்தம் இடம் தருகிறது: உங்கள் மனைவி அந்தக் குடும்பத்து நோயாளிக்கு, அந்த நோயாளியின் மனைவி உங்களுக்கு. இரு பக்கமும் நெருங்கிய உறவினர்களாக இருக்க வேண்டும். குரூப் சேராமலே, நோயாளியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்களை முன்கூட்டி நீக்கிச் செய்யும் முறையும் உண்டு. செலவும் தொற்று ஆபத்தும் கூடுதல்.

கொடுப்பவருக்கு ஆபத்து இல்லையே?

மிகக் குறைவு, ஆனால் சுழியம் அல்ல. நன்கு பரிசோதிக்கப்பட்ட கொடையாளர்களில் வாழ்நாளில் சிறுநீரகச் செயலிழப்பு வருவோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று அமெரிக்க ஆய்வு சொல்கிறது. சர்க்கரை இருப்பவரையும் கட்டுப்படாத அழுத்தம் இருப்பவரையும் எடுக்க மாட்டார்கள். சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்தக் கடைசி விதிதான் முதலில் மீறப்படுகிறது. மத்திய அரசு ஊழியர் என்றால் 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. கொடையாளருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

அம்மாதான் தருகிறேன் என்கிறார். வேறு யாரையும் கேட்கவும் விட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அந்த மகனுக்கு நான் நன்றி சொன்னேன். பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதே இல்லை. இந்தியாவில் உயிருடன் சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்: மனைவி, தாய், சகோதரி. பெறுவதில் கணக்கு தலைகீழ். 1995 முதல் 2021 வரை பதிவான 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,695 ஆண்களுக்கு. 6,945 மட்டுமே பெண்களுக்கு. எல்லா உறுப்புகளும் சேர்ந்த எண்கள் இவை. ஐந்தில் ஒரு பங்கு கூடப் பெண்களுக்குப் போகவில்லை.

சம்பாதிக்கும் ஆணுக்கு லீவு கிடைக்காது, ஓட்டுநரால் ஆறு வாரம் வீட்டில் இருக்க முடியாது என்பவை உண்மையான கஷ்டங்கள். ஆனால் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் அதே ஆறு வாரச் சம்பளம் போகிறது. ஆகவே வீட்டில் தகுதியுள்ள எல்லோருக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்து, முதல் கட்டப் பரிசோதனை செய்யுங்கள், பிறகு முடிவெடுங்கள். அம்மாவிடம் மருத்துவர் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர் மனதில் தயக்கம் இருந்தால், "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் வெளியே சொல்லி மருத்துவர்கள் அவரைக் காப்பார்கள். நோயாளி மகளாகவோ மருமகளாகவோ இருக்கும்போதும் இதே வேகம் வேண்டும். 2025 ஆகஸ்டில், காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்கும், ஏற்கெனவே உறுப்பு தானம் செய்த குடும்பத்தினருக்கும் முன்னுரிமை தருமாறு தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

வீட்டில் யாரும் இல்லை. இறந்தவர்கள் தரும் சிறுநீரகத்துக்கான மும்பைப் பட்டியலில் எப்படிச் சேர்வது?

மாற்று அறுவை உரிமம் பெற்ற மருத்துவமனை ஒன்றின் மூலம், மண்டல ஒருங்கிணைப்பு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். தனியாக நீங்கள் போய்ப் பதிய முடியாது. மும்பைப் பட்டியலில் சிறுநீரகத்துக்கு மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்கிறார்கள், ஆண்டுகள் ஆகும். டயாலிசிஸில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள் என்பதும், பட்டியலில் யார் முன்னே என்று முடிவு செய்யும் மதிப்பெண்ணில் சேரும். எனவே, தொடங்கிய மாதத்திலேயே பதிவைப் பற்றிக் கேளுங்கள். "முதலில் உடம்பு தேறட்டும்" என்று இரண்டு ஆண்டு கழித்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பதிந்த பிறகும் பரிசோதனைகளைப் புதுப்பிக்க வேண்டும். நள்ளிரவில் அழைப்பு வரும்போது எடுக்கும் போன் எண்ணாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சீக்கிரம் கிடைக்குமாமே. அங்கே பதியலாமா?

2023-இல் மத்திய அரசு இருப்பிடச் சான்று நிபந்தனையையும் 65 வயது உச்சவரம்பையும் நீக்கச் சொன்னது. பதிவுக் கட்டணமும் கூடாது. ஆகவே பதியலாம். ஆனால் பங்கீட்டு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் சென்னையில் நிற்க வேண்டும். அங்கே போய்த் தங்கும் வசதி உண்டு என்றால் மட்டும் யோசியுங்கள்.

தமிழ்நாடு முன்னால் நிற்பதற்குக் காரணம் மக்களின் மனம் மட்டுமல்ல, ஏற்பாடும்தான். 2008 முதல் அரசாணைகள், மூளைச்சாவை முறையாக அறிவிக்கும் பழக்கம், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் ஒருங்கிணைப்பாளர்கள், அரசு மருத்துவமனைகளின் பங்கு என்று வரிசையாக அமைந்தன. உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்பது 2023-இல் வந்தது. இறந்தவர்களின் தானத்தில் பெரும்பகுதி தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரா, குஜராத் ஆகிய ஐந்து மாநிலங்களிலிருந்தே வருகிறது. தில்லி வட்டாரத்தில் மாற்று அறுவைகள் ஏராளம். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே உயிருடன் இருப்போர் தந்தவை. நாடு முழுக்கச் சேர்த்தும், இறந்த பின் உறுப்பு தருபவர் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் கூட இல்லை. ஸ்பெயினில் அது ஐம்பது அளவில் இருக்கிறது.

மூளைச்சாவு என்று சொல்லி, உயிரோடு இருப்பவரின் உறுப்பை எடுத்துவிடுவார்களோ?

நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். மாற்று அறுவை செய்யும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. கோமா வேறு, அதிலிருந்து மீளலாம். மூளைத்தண்டு செத்தவர் மீண்டதில்லை. உறுப்பை எடுக்கும் செலவு தானம் தரும் குடும்பத்தின் தலையில் விழாது. உறுதிமொழி அட்டை வைத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தின் சம்மதம் கேட்கப்படும். ஆகவே உங்கள் விருப்பத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

ஒருவர் எட்டு லட்சத்துக்கு ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்...

வேண்டாம். வாங்குபவருக்கும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். அதைவிட, விற்றவர்களின் கதியைக் கேளுங்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2002-இல் வெளியானது. 96 சதவீதத்தினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு அவர்களது குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் கடனிலேயே இருந்தார்கள். அந்த ஆள் உங்களிடம் காட்டும் கொடையாளர், நம் ஊர் விசைத்தறிக் கூடத்தில் இருந்து வந்த ஒருவராகவே இருக்கலாம்.

மாற்று அறுவை முடிந்தால் மருந்தே வேண்டாம்தானே?

மருந்து வாழ்நாள் முழுவதும். ஒரு வேளை தவறினாலும் உடல் புதிய உறுப்பை எதிர்க்கத் தொடங்கலாம். விலை குறைவு என்று கடைக்காரர் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்காதீர்கள். பம்பளிமாஸ் பழம் வேண்டாம். மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். எதிர்ப்பு சக்தி குறைவதால் காசநோய் எளிதில் பற்றும். இந்த நகரத்தின் நெரிசலில் அது சாதாரண அச்சமல்ல. இரண்டு வார இருமலை அலட்சியப்படுத்தாதீர்கள். உயிருடன் இருப்பவர் தந்தது பதினைந்து ஆண்டு அளவிலும், இறந்தவரிடமிருந்து வந்தது அதைவிடச் சற்றுக் குறைவாகவும் உழைப்பது பொதுவான அனுபவம். நின்றுபோனால் டயாலிசிஸுக்குத் திரும்பலாம். இரண்டாம் முறையும் பொருத்தலாம்.

தாத்தாவுக்கு 78. டயாலிசிஸே வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா?

அவர் தெளிவாக இருந்து, விவரம் அறிந்து சொல்கிறார் என்றால் அது அவருடைய உரிமை. இதய நோயும் தளர்ச்சியும் சேர்ந்த முதியவர்களுக்கு டயாலிசிஸ் கூடுதலாகத் தரும் காலம் சில வேளைகளில் மிகக் குறைவு. அதிலும் பாதி மருத்துவமனையிலேயே கழியும். முதலில் அவர் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். "உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன்" என்பது காரணமாக இருந்தால், செலவைப் பற்றிய மேலேயுள்ள பதிலை அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். சிலர் ஒரு மாதம் செய்து பார்க்கச் சம்மதிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்பே மருத்துவரோடு பேசிவைக்கலாம்.

வேண்டாம் என்றே முடிவானால், வைத்தியத்தையே விடுவதல்ல அது. அரிப்பு, வாந்தி, வீக்கம், மூச்சுத்திணறல் ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. வலி தணிப்புப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரவில் மூச்சு வாங்கினால் என்ன கொடுக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றுக்கும் விடையை மருத்துவரிடம் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள்.